ஒரு சீட்டு எழுத உங்களுக்கு மனம் வரவில்லையே

என் நெஞ்சைப் படம் பிடித்தீர்கள். ரத்தம் எடுத்தீர்கள். தொடையில் ஊசி இறக்கி இதயம்வரைக்கும் குழாய் விட்டுப் பார்த்தீர்கள். அடைப்பு இல்லை, ஓட்டை இல்லை, வால்வில் கோளாறு இல்லை, தைராய்டு இல்லை என்று எனக்கு என்னவெல்லாம் இல்லை என்பதைப் பக்கம் பக்கமாக அச்சடித்துக் கையில் கொடுத்தீர்கள். கூடவே பில்லையும் கொடுத்தீர்கள். "அப்ப எனக்கு என்னதாங்க சார் இருக்கு?" என்று கேட்டபோது மட்டும் அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அழுத்தினீர்கள்.

எனக்கு இருந்தது பேனிக் டிஸ்ஆர்டர். பீதி நோய் என்று தமிழில் எழுதுகிறார்கள். நேற்று முளைத்த நோய் இல்லை அது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட சிப்பாய்கள் நெஞ்சு படபடத்து மூச்சுத் திணறி வருவதையும், அவர்கள் இதயத்தில் பழுது எதுவும் காணோம் என்பதையும் டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871-இலேயே எழுதி வைத்துவிட்டார். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் தனி நோயாகவே ஏறிவிட்டது. நம் மருத்துவக் கல்லூரிகளில் பாடமாக நடத்துகிறார்கள். மாத்திரை இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, முறையாகப் பார்த்தால் பெரும்பாலானவர்கள் தேறிவிடுகிறார்கள். இத்தனையும் இருந்தும், என் மகள் பால்வாடிக்குப் போன வயதில் தொடங்கிய என் நோய்க்கு அவள் ஆறாம் வகுப்பில் சேரும்வரைக்கும் ஒருவரும் பெயர் சொல்லவில்லை. அந்த வருஷங்களை நான் யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பேன்?

நான் பி.காம். படித்தவள். கம்பத்திலிருந்து விடிகாலை ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு ஏலக்காய் ஸ்டோருக்குக் கணக்கு எழுதப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளத்தாக்கைத் தெரிந்தவர்களுக்கு அந்த ஜீப்பைத் தெரியும். கம்பம், கூடலூர், உத்தமபாளையம் தெருமுனைகளில் இருட்டோடு இருட்டாகப் பெண்கள் தூக்குச்சட்டியோடு நிற்பார்கள். மலைத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிறவர்கள். மழைக்குப் போர்த்திக்கொள்ள ஆளுக்கொரு பிளாஸ்டிக் தாள். பின்பக்கம் மடிமேல் மடியாக உட்கார்ந்தால்தான் எல்லாரும் ஏற முடியும். டீசல் நாற்றமும் பழைய சோற்று வாசமும் யாரோ வைத்த மல்லிகையும் கலந்து அடிக்கும்.

அன்று நான் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தேன். வண்டி கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத் தொடங்கியிருந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. வண்டி சறுக்கவும் இல்லை. பக்கத்தில் இருந்த அக்கா முந்தின ராத்திரி பார்த்த சீரியல் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். திடீரென்று நெஞ்சு அடித்துக்கொண்டது. மூச்சை இழுக்கிறேன், உள்ளே போகவில்லை. விரல் நுனி மரத்தது, உதட்டைச் சுற்றி மதமதத்தது, ரவிக்கை முழுக்க வேர்வை. கீழே தெரிந்த தென்னந்தோப்பும் திராட்சைப் பந்தலும் யாரோ ஒருவருடைய ஊராக விலகிப் போயின. செத்துக்கொண்டிருக்கிறேன் என்று நிச்சயமாகத் தெரிந்தது. மகளின் முகத்தை நினைத்துப் பார்த்தேன், முகம் வரவில்லை.

"வண்டிய நிறுத்துங்க" என்று நான் போட்ட சத்தத்தில் டிரைவர் பதறி ஓரம் கட்டினார். "ஏத்தா, வாயு அடைச்சிருக்கும். முதுக நீவி விடுங்கடி" என்று ஒரு ஆத்தா சொன்னாள். அந்தப் பெண்கள் என்னை மடியில் போட்டுக்கொண்டார்கள், தண்ணீர் தெளித்தார்கள். எதிரே இறங்கி வந்த வண்டியை மறித்து ஏற்றி அனுப்பினார்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. தெரிந்ததை அன்போடு செய்தார்கள். தெரிந்திருக்க வேண்டியவர்கள் செய்யாததைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி அடங்கிவிட்டது. ஈசிஜி நார்மல். ஒரு பாட்டில் குளுக்கோஸ், ஒரு ஊசி, கேஸுக்கு மாத்திரை. "மனசப் போட்டுக் கொழப்பிக்காதம்மா" என்ற உபதேசம். நின்றது குளுக்கோஸால் என்று வீட்டில் எல்லாரும் நம்பினார்கள், நானும் நம்பினேன். இந்தத் தாக்குதல் பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாகவே இறங்கிவிடும், அதன் குணமே அதுதான் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அதனால் அடுத்த தடவையும் பாட்டிலுக்கு ஓடினேன், அதற்கடுத்த தடவையும் ஓடினேன்.

ஈசிஜி எடுத்ததற்கு நான் கோபப்படவில்லை. முதல் முறை நெஞ்சு வலித்தால், மூச்சு முட்டினால் எடுக்கத்தான் வேண்டும். இதயத்தையும் தைராய்டையும் ரத்தசோகையையும் பார்த்து, அவை இல்லை என்று ஆன பிறகுதான் இந்த நோயின் பக்கம் வர முடியும். என் வயிற்றெரிச்சலெல்லாம் அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி. எல்லாம் நார்மல் என்று வந்ததும் ஒரு மருத்துவரின் வேலை முடிந்துவிடுகிறதா? தரையில் உருண்டு துடிக்கிறவளின் ரிப்போர்ட் நார்மல் என்றால், இன்னும் ஏதோ ஒன்றைப் பார்க்கவில்லை என்றுதானே அர்த்தம்?

அந்தத் தாக்குதலைவிட, அது மறுபடி வந்துவிடுமோ என்ற பயம்தான் என்னை உருக்குலைத்தது. முதலில் ஜீப்பை விட்டேன். வேலை போனது. "தெனம் நோவுன்னு சொன்னா தோட்டம் எப்புடி நடக்கும்?" என்று கேட்டுக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். பிறகு பஸ்ஸை விட்டேன், உழவர் சந்தையை விட்டேன். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்குப் பள்ளத்தாக்கே திரண்டு போகும். என் மகள் அவள் அப்பா தோளில் போனாள், நான் வாசற்படியில் நின்றேன். கடைசியில் அடுத்த தெருக் கடைக்குப் போகவும் துணை வேண்டியிருந்தது. குளிக்கும்போது கதவைத் தாழ்போட முடியவில்லை. ஒரு மனுஷியின் உலகம் இப்படி வீட்டு நிலைக்குள் சுருங்குவதை ஊரே பார்த்தது. பார்த்துவிட்டு, "படிச்ச கொழுப்பு. வேலைக்குப் போக வலிக்குது" என்றது.

என் அத்தை, மாமியாரைத்தான் சொல்கிறேன், கெட்டவள் இல்லை. ஆனால் டாக்டரே ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டதால், காத்துக் கருப்பு என்று அவள் முடிவு கட்டினாள். மருத்துவம் கைவிட்ட இடத்தில் கோடாங்கி வந்து உட்கார்ந்தார். ராத்திரி, ஊருக்கு வெளியே புளியமரத்தடி. காதோரம் உடுக்கையை அடித்தார். சாம்பிராணிப் புகையில் மூச்சு முட்டியது. எனக்கு அங்கேயே தாக்குதல் வந்துவிட்டது. உடம்பு உதறியது. அதைப் பார்த்து, "பாத்தியா, ஆடுறா, கெணத்துல விழுந்தவதான்" என்றார்கள். "பேரச் சொல்லுடி" என்று வேப்பங்குழையால் அடித்தார்கள். எனக்கு எந்தப் பெயரும் தெரியாது. அடி நிற்கட்டும் என்று செத்துப்போன ஒருத்தி பெயரைச் சொன்னேன். என் உச்சி முடியில் ஒரு கற்றையைப் பிடுங்கி மரத்தில் ஆணி வைத்து அறைந்தார்கள். மண்டையில் ரத்தம் கசிந்தது. என் வீட்டுக்காரர் அழுதுகொண்டே டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதற்கும் அடங்கவில்லை என்றானபோது மதுரைக்குப் போனோம். பெரிய ஆஸ்பத்திரி. எக்கோ, டிரெட்மில், கடைசியில் ஆஞ்சியோ. என் நகைகள் அடகுக்குப் போயின. போதாததற்கு வட்டிக்கு வாங்கினார்கள். இங்கே ஒன்றைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. கம்பத்திலிருந்து மதுரை போகும் பஸ் தேனியைத் தாண்டியதும் க.விலக்கில் நிற்கும். ரோட்டோரத்தில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. உள்ளே மனநலப் பிரிவு இருக்கிறது. வெளிநோயாளிச் சீட்டும் மாத்திரையும் இலவசம். ஒவ்வொரு முறையும் அந்த ஸ்டாப்பில் பஸ் நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், நான் முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, உயிரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடன் வாங்கிய பணத்தோடு அந்த வாசலைக் கடந்து போனேன். "இங்க எறங்கும்மா" என்று சொல்ல ஒரு படித்த வாய் இல்லை.

கோடாங்கியிடம் போவதற்கு முன்பே எனக்கு ஒரு சின்ன மாத்திரை பழக்கமாகியிருந்தது. அல்பிரசோலம். முதலில் ஒருவர் சில நாளைக்கு என்று எழுதினார். நிறுத்துவதைப் பற்றி அவர் பேசவே இல்லை. பிறகு மருந்துக் கடையில் பழைய அட்டையைக் காட்டினாலே எடுத்துக் கொடுத்தார்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. பழகினால் விடாது. திடீரென்று நிறுத்தினால் படபடப்பும் நடுக்கமும் பல மடங்காகத் திரும்பும், வலிப்புகூட வரலாம். ஒருநாள் வைராக்கியமாக நிறுத்தி நான் பட்ட பாட்டைப் பார்த்த பிறகுதான் வீட்டில் கோடாங்கிப் பேச்சே வந்தது. விற்றவருக்குத் தெரியாதா? எழுதியவருக்குத் தெரியாதா?

என்னைக் காப்பாற்றியது படிப்பை முடித்து அப்போதுதான் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பெண். ராத்திரி அவசரப் பிரிவில் தூக்கக் கலக்கத்தோடு என் ஃபைலை முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். எனக்கு முன்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "திடீர்னு வருமாக்கா? செத்துருவோம்னு தோணுமா? கொஞ்ச நேரத்துல தானா எறங்கிருமா? வந்துருமோன்னு பயந்து எங்கயும் போகாம இருக்கீங்களா?" ஒவ்வொரு கேள்விக்கும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வழிந்தது. யாரோ என்னோடு ஜீப்பில் இருந்து பார்த்த மாதிரி கேட்டாள். பிறகு ஒரு துண்டுத் தாளில், மனநலப் பிரிவுக்கு அனுப்புகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் நேரம்கூட ஆகவில்லை.

"பைத்தியக்கார டாக்டர்ட்டயா?" என்று என் வீட்டுக்காரர் அதிர்ந்தார். எனக்கு வெட்கமெல்லாம் செத்து ரொம்ப நாளாகியிருந்தது. இந்தத் தடவை க.விலக்கில் இறங்கினேன்.

அங்கே எனக்குப் புரியவைத்ததை எல்லாருக்கும் சொல்கிறேன். திராட்சைத் தோட்டத்தில் காட்டுப்பன்றியை விரட்ட வைத்த சைரன், பந்தல் கம்பி காற்றில் ஆடினாலே அலற ஆரம்பித்தால் எப்படியோ, அப்படி உடம்பின் அபாய எச்சரிக்கை காரணம் இல்லாமல் அடித்துவிடுகிறது. ஆபத்தில் ஓடவும் சண்டையிடவும் சுரக்க வேண்டிய அட்ரினலின் சும்மா உட்கார்ந்திருக்கிறவளுக்குச் சுரக்கிறது. நெஞ்சு அடிக்கிறது. பயத்தில் மூச்சை வேகமாக இழுத்து விடுகிறோம்; ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது; அதனால் விரல் மரக்கிறது, தலை சுற்றுகிறது. அதைப் பார்த்து, சாகப்போகிறோம் என்று முடிவு செய்கிறோம். அந்த முடிவு இன்னும் அட்ரினலினைக் கூட்டுகிறது. இந்தச் சுழலை டேவிட் கிளார்க் என்ற ஆங்கிலேய உளவியலாளர் 1986-இல் தெளிவாக விளக்கியிருக்கிறார். இதில் நடிப்பு எங்கே இருக்கிறது? பேய் எங்கே இருக்கிறது?

பழைய மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். செர்ட்ராலின் என்ற வேறு மாத்திரையைச் சிறிய அளவில் தொடங்கினார்கள். "மொத ரெண்டு வாரம் படபடப்பு கூடுன மாதிரி இருக்கும், விட்றாதம்மா. பலன் தெரிய ஒரு மாசம் ஆகும். தேறிட்டோம்னு நீயா நிறுத்தவும் கூடாது, ஒரு வருஷமாவது போட்டாகணும்" என்று டாக்டர் முன்கூட்டியே சொன்னார். அப்படிச் சொன்னதாலேயே நான் பயப்படவில்லை. உளவியலாளர் அம்மா ஒருவர் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, வேண்டுமென்றே வேகவேகமாக மூச்சு விடச் சொன்னார். ஒரே நிமிஷம். விரல் மரத்தது, உதடு மதமதத்தது, தலை கிறுகிறுத்தது. எந்தப் பேய் வந்து என்னை ஆட்டியதோ அதை நானே நாற்காலியில் உட்கார்ந்தபடி வரவழைத்திருந்தேன். "இப்ப மெதுவா விடு" என்றார். அது போனது. நான் வாய்விட்டு அழுதேன். அந்த ஒரு நிமிஷத்துக்காகவா என் முடியை மரத்தில் அறைந்தீர்கள்? என் தொடையில் குழாய் விட்டீர்கள்?

பிறகு படி ஏறி இறங்கச் சொன்னார்கள், நெஞ்சு அடித்தால் அடிக்கட்டும் என்று நிற்கப் பழக்கினார்கள். பஸ்ஸில் கம்பத்திலிருந்து புதுப்பட்டிவரைக்கும் தனியாகப் போய் வரச் சொன்னார்கள். அது பழகியதும் அனுமந்தன்பட்டி. அப்புறம் உத்தமபாளையம். சின்னமனூர் வந்தபோது நடுவில் தாக்குதல் வந்தது. இறங்கி ஓடாமல் உட்கார்ந்தேன். உச்சத்துக்குப் போய், இறங்கியது. நான் சாகவில்லை.

என் கதை ஒருத்தியின் கதை என்று தள்ளிவிட முடியாது. தேறிய பிறகு நான் தேடித் தேடிப் படித்தேன். கனடாவில் மான்ட்ரியல் இதய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நெஞ்சுவலி என்று வந்த 441 பேரைப் பரிசோதித்த ஆய்வு ஒன்று 1996-இல் வெளிவந்தது. நாலில் ஒருவருக்குப் பீதி நோய் இருந்தது. அவர்களில் 100-க்கு 98 பேருக்கு அதை இதய மருத்துவர்கள் கண்டுபிடிக்கவில்லை. பணக்கார நாட்டிலேயே இந்த லட்சணம். நம் நாட்டில் 2015-16-இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வு நடத்தியது. தமிழ்நாடும் அதில் ஒன்று. நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர்வரை சிகிச்சைக்கு வெளியே நிற்கிறார்கள் என்று தெரிந்தது. இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது. வந்தவள் பெண் என்றால் நடிப்பு என்று சொல்வது எவ்வளவு சுலபம்! ஆணுக்கு வந்தால் அவன் சாராயத்தில் அதை அடக்கப் பார்க்கிறான், அதுவும் எங்கள் தெருவில் நடக்கிறது.

திட்டம் இல்லை, சட்டம் இல்லை என்று சொல்லவும் வழியில்லை. மதுரையிலிருந்து எங்கள் தேனி மாவட்டம் பிரிந்தது 1996-இல். அதே 1996-97-இல்தான் இந்தியாவில் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியது. முதலில் எடுத்துக்கொண்ட 4 மாவட்டங்களில் நம் திருச்சியும் ஒன்று. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் மனநலச் சேவையைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று 18-ஆம் பிரிவில் எழுதி வைத்திருக்கிறது. 2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குக் காசில்லாமல் எந்த நேரமும் போன் போட்டுத் தமிழிலேயே பேசலாம். இவை எல்லாம் இருக்கின்றன. ஆனால் காய் எடுக்கப் போகும் ஜீப்பில் மயங்கி விழுகிறவளுக்கு இவற்றைப் பற்றி யார் சொன்னார்கள்? அவள் முதலில் வருவது அவசரப் பிரிவுக்கு. அங்கே சுவரில் நாய்க்கடிக்கும் பாம்புக்கடிக்கும் எழுதி ஒட்டியிருக்கிறது. "உங்கள் இதயம் நன்றாக இருக்கிறது, ஆனாலும் இப்படி வருகிறதா? இந்த நாளில், இந்த அறையில் மனநல மருத்துவரைப் பாருங்கள்" என்று ஒரு தாள் ஒட்ட எத்தனை கோடி வேண்டும்?

கேஸ் என்று சொல்லி அனுப்பியவர்களே, ஆஞ்சியோ நார்மல் என்று வந்ததும் என்னைப் பார்த்து, "புருஷனோட எதுவும் சண்டையாம்மா?" என்று சிரித்தவரே, நீங்கள் எனக்கு மருத்துவம் பார்த்திருக்க வேண்டாம். ஒரு சீட்டு எழுதியிருக்கலாம். என் மகளின் முதல் ஆண்டு விழாவில் அவள் மேடையேறி ஆடினாள். வீட்டில் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன் நான். அதை எந்த மாத்திரையும் எனக்குத் திருப்பித் தரவில்லை. வட்டிக்கு வாங்கியது இன்னும் முடியவில்லை.

இப்போது எங்கள் அடுத்த தெருவில் ஒரு பிள்ளை இருக்கிறது. கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. கேரளத் தோட்டத்துக்குப் போகும்போது ஜீப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்கிறாள். இரண்டு தடவை குளுக்கோஸ் ஏற்றியாகிவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை கோடாங்கியிடம் கூட்டிப் போவதாகப் பேச்சு. நேற்று சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போனேன். "ஈசிஜி எல்லாம் நல்லாத்தான் இருக்காம். ஊமக் கொழுப்பு, வேறென்ன?" என்றாள் அவள் மாமியார். "மதினி, எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. இந்தத் தலையப் பாருங்க" என்று உச்சியில் முடி முளைக்காத இடத்தைக் குனிந்து காட்டினேன். 14416 என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பஸ்ஸுக்கு நானே கூட வருகிறேன் என்றேன். உள்ளே கதவு இடுக்கில் அந்தப் பிள்ளை நின்று கேட்டுக்கொண்டிருந்தது. "எங்க வீட்டுப் பொண்ண நீ பைத்தியம்ங்கிறியா?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மா கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது. இன்றைக்கும் போகிறேன்.